எதற்கும் ஒரு ஸ்கேன் வேண்டாம்

தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சா?" எடுத்தாயிற்று என்றால் முகங்கள் தெளிகின்றன. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் அந்த மருத்துவர் மேலேயே சந்தேகம் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது பெட் சிடி எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் நோய் திரும்பினால் முளையிலேயே கிள்ள முடியும், எடுப்பதில் என்ன நஷ்டம், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லதுதானே என்பது படித்தவர் படிக்காதவர் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. பணம் இருப்பவர்கள் அதைக் கடமையாகச் செய்கிறார்கள். இல்லாதவர்கள் கடன் வாங்கிச் செய்கிறார்கள்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். ஸ்கேன் கருவிகளால் தோல் புற்றுநோயாளிகள் அடைந்த நன்மை பெரிது. அதைப் பின்னால் சொல்கிறேன். நான் மறுப்பது ஒன்றைத்தான். தொடக்க நிலையில் கண்டறிந்து, முழுவதுமாக வெட்டி எடுத்து, இன்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிற ஒருவருக்குத் தேதி குறித்து உடல் முழுவதையும் ஸ்கேன் செய்துகொண்டே இருந்தால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை. அப்படி உயிர் பிழைப்பதாக யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. அதனால் வரும் கெடுதல்களுக்கோ சான்று நிறைய உண்டு.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். தோல் புற்றுநோயில் மிகப் பரவலானது அடிச்செல் புற்று. அது மெதுவாக வளரும், வந்த இடத்தை அரிக்கும், வேறு உறுப்புக்குப் போவது மிக மிக அரிது. செதிள்செல் புற்று சற்று ஆபத்தானது. தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் அது கிளம்புவதை நம் நாட்டு மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அதுவும் பரவினால் பெரும்பாலும் முதலில் அருகில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான் போகும், விரலால் தடவினாலே தென்படும். மெர்கெல் செல் புற்று போன்ற அரிய, மூர்க்கமான வகைகளுக்கு விதி வேறு. எல்லோரையும் அச்சுறுத்துவது மெலனோமா. மச்சத்தைப் போலக் கருத்துத் தோன்றி, ஆழமாக இறங்கினால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று எங்கும் போகக்கூடியது. "எதற்கும் ஒரு ஸ்கேன்" என்ற வாதம் தன் பலத்தையெல்லாம் இந்த அச்சத்திலிருந்துதான் பெறுகிறது.

ஆனால் மெலனோமா எவ்வளவு ஆபத்தானது என்பதை வெட்டி எடுத்த அன்றைக்கே பெருமளவு சொல்லிவிட முடியும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் எளிய ஒன்றைக் கண்டார். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளந்தால் நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம். இன்றுவரை அந்த அளவுதான் முதல் அளவுகோல். பல நாடுகளின் நோயாளிகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு வகைப்பாட்டின்படி, முதல் நிலை மெலனோமா உள்ளவர்களில் நூற்றுக்கு 98 பேர் ஐந்தாண்டு கழித்தும் அந்த நோய்க்குப் பலியாகாமல் இருக்கிறார்கள். இரண்டாம் நிலையில் 90 பேர். கணுவுக்குப் பரவிய மூன்றாம் நிலையில் 77 பேர்.

98 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்கேனை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முதல் நிலையில் சிகிச்சை முடித்த ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஓராண்டுக்குள் ஐந்து பேருக்கு உள்ளுறுப்பில் நோய் பரவுகிறது என்று வைப்போம். ஸ்கேன் அந்த ஐந்து பேரையும் விடாமல் பிடித்துவிடுகிறது என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். நோய் இல்லாத நூறு பேரில் பத்துப் பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது என்றும் வைப்போம். இது விளக்கத்துக்காக நான் போடும் கணக்கு. இதன்படி ஆயிரம் பேரில் நூற்றைந்து பேருக்கு "ஏதோ தெரிகிறது" என்று அறிக்கை வரும். நோய் உள்ளவர் ஐந்து பேர், நோய் இல்லாமல் நடுங்கப்போகிறவர் நூறு பேர். விகிதத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டாலும் நடுங்குகிறவர்கள்தான் அதிகம். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அரிதான ஒன்றைத் தேட அதை எல்லோர் மேலும் திருப்பினால் இதுதான் நடக்கும்.

பெட் ஸ்கேன் வேலை செய்யும் விதமும் இந்தத் தவறுக்கு இடம் தருகிறது. ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியாகச் செலுத்தி, ஒரு மணி நேரம் போல அசையாமல் இருக்கச் சொல்லி, பிறகு படம் எடுக்கிறார்கள். சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்கள் படத்தில் ஒளிரும். மெலனோமா செல்கள் அப்படி உறிஞ்சுகின்றன. ஆனால் அழற்சி உள்ள எந்த இடமும் உறிஞ்சும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இருக்கும் நாடு நம்முடையது. எப்போதோ வந்து தழும்பாகிப்போன காசநோயும், உள்ளுக்குள் அடங்கிக் கிடக்கிற காசநோயும் நெஞ்சுக் கணுக்களில் ஒளிர்ந்து புற்றைப் போலவே தெரியலாம். 2021இல் கொரோனா தடுப்பூசி போட்ட கையின் அக்குள் கணுக்கள் உலகமெங்கும் பெட் படங்களில் ஒளிர்ந்தன. புற்றுநோய் பரவிவிட்டதோ என்று நோயாளிகள் கலங்கினார்கள், கடைசியில் தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதுவதே பல இடங்களில் வழக்கமாயிற்று. மெலனோமாவுக்குத் தருகிற நோயெதிர்ப்பு மருந்துகளே சிலருக்கு நெஞ்சுக் கணுக்களை வீங்கவைத்து, நோய் திரும்பிவிட்டது போன்ற தோற்றம் தருகின்றன.

ஒளிர்ந்த புள்ளி படத்தோடு நிற்பதில்லை. ஊசியால் திசு எடுக்க வேண்டும். நுரையீரலில் குத்தும்போது காற்று கசிந்து நுரையீரல் சுருங்கக்கூடும். கழுத்துக் கணுவை வெட்டி எடுக்கிறார்கள். "சின்னதாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்" என்று அனுப்புகிறார்கள். அந்த மூன்று மாதம் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. எடுப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் நஷ்டம் இது.

கதிர்வீச்சையும் மறந்துவிட முடியாது. இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். முழு உடல் பெட் சிடி ஒன்றில், எடுக்கும் முறையைப் பொறுத்து 10 முதல் 25 மில்லிசீவர்ட் வரை போகலாம். எழுபது வயதுக்காரருக்கு இது பெரிய கவலை அல்ல. முப்பது வயதுப் பெண்ணுக்கு ஐந்தாண்டில் பத்து முறை எடுத்தால் அது அலட்சியம் செய்யும் அளவு அல்ல. நோய் முற்றியவருக்குப் பலன் பெரிது, ஆபத்து சிறிது, எடுக்கத்தான் வேண்டும். 98 பேர் நலமாக இருக்கப்போகிற கூட்டத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இத்தனையும் செய்து ஸ்கேன் எதைப் பார்க்கிறது என்றால், மெலனோமா நோயாளிக்கு மிக முக்கியமானதை அது பார்ப்பதே இல்லை. ஒரு முறை மெலனோமா வந்தவருக்குப் புத்தம் புதிதாக இன்னொரு மெலனோமா தோலில் வேறோர் இடத்தில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது தோலின் மேல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் தொடங்கும். அந்த நிலையில் வெட்டி எறிந்தால் கதை முடிந்தது. பெட் ஸ்கேனுக்கு அது தெரியாது. சில மில்லிமீட்டர் அளவுக்கு மேல் வளராத எதையும் அந்தக் கருவியால் நம்பகமாகக் காண முடியாது. மூளையிலும் அது தடுமாறுகிறது. மூளை எப்போதும் சர்க்கரையை உண்கிற உறுப்பு, முழுவதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அதற்குள் சிறு கட்டி மறைந்துவிடும். மூளைக்கு எம்ஆர்ஐ தனியாக வேண்டும். ஆக, "உடம்பு முழுக்க பார்த்தாச்சு" என்ற நிம்மதி தோலையும் பார்க்கவில்லை, மூளையையும் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பொய் நிம்மதியில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை.

தோலைப் பார்க்கவும் படம் உண்டு. டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவி தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, மேல் தோலுக்கு அடியில் நிறமி பரவிய விதத்தைக் காட்டுகிறது. மச்சங்கள் நிறைய உள்ளவர்களுக்கு உடல் முழுவதையும் புகைப்படம் எடுத்து வைத்து, அடுத்த முறை ஒப்பிடுகிறார்கள். மெலனோமா மிக அதிகமாக வருகிற நாடுகளில் ஒன்றான ஆஸ்திரேலியாவில், நோயாளிகளே கைபேசியில் சிறு டெர்மாஸ்கோப்பைப் பொருத்தித் தங்கள் மச்சங்களைப் படமெடுத்துத் தோல் மருத்துவருக்கு அனுப்பும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் கதிர்வீச்சு இல்லை, செலவு சொற்பம், பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்க்கிறது. படம் எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் படம் இது.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "அதெல்லாம் பழைய காலம். அன்றைக்கு மருந்தே இல்லை, அதனால் சீக்கிரம் கண்டுபிடித்தும் பயனில்லை. இப்போது மருந்து இருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே ஸ்கேன் வேண்டும்." இதில் பாதி உண்மை. 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று வந்த நோயெதிர்ப்பு மருந்துகள் மெலனோமாவின் வரலாற்றையே மாற்றின. அதற்கு முன் உடலெங்கும் பரவியவர்கள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டவில்லை. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டு கழித்தும் உயிருடன் இருந்தார்கள் என்று 2024இல் ஆய்வு முடிவு வந்தது. கட்டியின் சுமை குறைவாக உள்ளவர்களுக்கு மருந்து நன்கு வேலை செய்கிறது என்பதும் உண்மை.

ஆனால் இதிலிருந்து "எல்லோருக்கும் ஸ்கேன்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. இருவருக்கு ஒரே நாளில் நோய் திரும்புகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மூன்றாண்டு கழித்து இறக்கப்போகிறார்கள். ஒருவருக்கு ஸ்கேனில் உடனே தெரிந்துவிடுகிறது. நோய் தெரிந்து மூன்றாண்டு வாழ்ந்தார் என்று எழுதுவோம். மற்றவருக்கு ஓராண்டு கழித்து இருமல் வந்து தெரிகிறது. இரண்டாண்டு வாழ்ந்தார் என்று எழுதுவோம். தாளில் ஸ்கேன் ஓராண்டு ஆயுளைக் கூட்டியது போலத் தோன்றும். கூட்டியது ஆயுளை அல்ல, நோயாளி என்று தெரிந்தே வாழ்ந்த காலத்தை. இன்னொன்றும் உண்டு. மெதுவாக வளரும் கட்டிகள் இரண்டு ஸ்கேனுக்கு நடுவே காத்திருந்து பிடிபடுகின்றன. வேகமாக வளர்பவை அட்டவணைக்குக் காத்திருப்பதில்லை. நடுவிலேயே வலியோ வீக்கமோ காட்டிவிடுகின்றன. ஸ்கேனில் சிக்கியவர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் நோயின் சாதுவான இயல்பே காரணமாக இருக்கலாம். இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்கேன், மறுபாதிக்கு வழக்கமான பரிசோதனை என்று பல ஆண்டு பின்தொடர வேண்டும். நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களை வைத்து ஸ்வீடன் மருத்துவர்கள் 2017இல் அப்படி ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கே விடையைத் தேட வேண்டியிருந்தது என்றால், ஆபத்து குறைந்த முதல் நிலைக்காரருக்கு ஸ்கேன் உயிர் காக்கும் என்று எதிர்த்தரப்பினர் எந்த ஆதாரத்தில் உறுதி சொல்கிறார்கள்?

குறைவாகப் பார்த்தால் நோய் தப்பிவிடும் என்ற அச்சத்தையும் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் இரண்டாம் நிலை வரை உள்ளவர்களில் ஒரு பிரிவினரை வழக்கத்தைவிடக் குறைந்த முறையே மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது நோய் திரும்பியதைக் கண்டறிவதில் அவர்கள் பின்தங்கவில்லை, மனக்கவலையும் கூடவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும் அது சொல்வது தெளிவு. நோய் திரும்பியதைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடித்தவர் நோயாளியேதான், குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, மிக மெல்லிய மெலனோமா உள்ளவரை ஓராண்டில் கண்காணிப்பிலிருந்தே விடுவிக்கலாம், ஸ்கேன் தேவையில்லை என்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2013இலேயே, மெல்லிய தொடக்க நிலை மெலனோமாவுக்கு இத்தகைய கூடுதல் சோதனைகள் ஆயுளைக் கூட்டுவதில்லை, செய்யாதீர்கள் என்று தன் மருத்துவர்களுக்கு எழுதியது. ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்க முடியாத நாடுகள் அல்ல இவை.

இனி, ஸ்கேன் தன் பெருமையைக் காட்டும் இடங்கள். கட்டிக்கு மிக அருகில் உள்ள கணுவில் நோய் தெரிந்தால் அந்தப் பகுதிக் கணுக்கள் முழுவதையும் வெட்டி எடுப்பது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. எடுத்தவர்களில் பலருக்குக் கையோ காலோ நிரந்தரமாக வீங்கிவிடும். 1,900க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அந்த அறுவை சிகிச்சையும் மறு சாராருக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை அந்தக் கணுக்களை மட்டும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பதும் என்று நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்றாண்டு முடிவில் மெலனோமாவுக்குப் பலியாகாதவர் இரு சாராரிலும் நூற்றுக்கு 86. வீக்கம் வந்தவர்கள் அறுவை சிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 24 பேர், அல்ட்ராசவுண்டில் பார்த்தவர்களில் நூற்றுக்கு 6 பேர். ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஒரு பெரிய அறுவை சிகிச்சையையே தேவையில்லாமல் ஆக்கியது. எங்கே பார்ப்பது, எதைத் தேடுவது, கண்டால் என்ன செய்வது என்று மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டு எடுத்த ஸ்கேன் அது.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கதையையும் ஸ்கேனுக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். 2015இல் கயானாவுக்குத் தேர்தல் பார்வையாளராகப் போனவர் உடல்நலம் சரியில்லாமல் திரும்பினார்; அதைத் தொடர்ந்த பரிசோதனையில் கல்லீரலில் கட்டி தெரிந்தது. பிறகு எம்ஆர்ஐ மூளையில் நான்கு சிறு புள்ளிகளைக் காட்டியது. கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாபும் தந்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஸ்கேனில் நோயின் சுவடு இல்லை. 2024 டிசம்பரில் தம் நூறாவது வயதில் மறைந்தார். எங்கே பரவியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறதா, எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விகளுக்கு ஸ்கேன் இல்லாமல் விடை கிடையாது. நோயெதிர்ப்பு மருந்து பெறுகிறவர்களில் சிலருக்குக் கட்டி முதலில் பெரிதானது போலத் தெரிந்து, பிறகு சுருங்கும். அதைப் புரிந்து படிக்கத் தனி விதிகளையே 2009இலும் 2017இலும் வகுத்தார்கள். இவர்களின் ஸ்கேனை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டாம் நிலையின் பிற்பகுதியிலும் மூன்றாம் நிலையிலும் உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை ஸ்கேன் எடுக்கலாம் என்று வழிகாட்டுதல்களே இடம் தருகின்றன. கார்ட்டர் பிழைத்த கதையை, முக்கால் மில்லிமீட்டர் மச்சம் எடுத்தவரிடம் சொல்லி ஸ்கேனுக்கு அனுப்புவதுதான் தவறு.

நம் ஊர் நிலைமை இன்னும் வேறு. வெள்ளைத் தோலினரைப் போல நமக்கு மெலனோமா முதுகிலும் தொடையிலும் வருவது குறைவு. வருகிறபோது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் அதுதான். கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்று நினைத்த கால்விரலில் 1977இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். இங்கே அதைக் கால் ஆணி என்கிறோம், நகச்சுத்தி என்கிறோம், சர்க்கரை நோயாளி என்றால் புண் ஆறவில்லை என்று மருந்து கட்டிக்கொண்டே இருக்கிறோம். மாதங்கள் போகின்றன. மருத்துவமனைக்கு வரும்போது கட்டி தடித்துவிட்டிருக்கிறது, தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டிருக்கிறது. இந்தத் தாமதத்தை எந்த ஸ்கேன் அட்டவணையும் ஈடுகட்டாது. ஒரு பெட் சிடிக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை ஆகிறது. நோயெதிர்ப்பு மருந்தோ லட்சக்கணக்கில். ஆண்டுக்கு இரண்டு ஸ்கேன் என்று சேமிப்பைக் கரைத்துவிட்ட குடும்பம், உண்மையில் நோய் திரும்பும் நாளில் மருந்துக்கு வழியில்லாமல் நிற்கிறது. நஷ்டம் என்ன என்று கேட்டவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவர்களின் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. கேட்கிற நோயாளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது எளிது. ஏன் வேண்டாம் என்று கால் மணி நேரம் விளக்குவது கடினம். நாளை நோய் திரும்பினால் "அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால்" என்று பழி வரும். ஆனால் சாக்ஸைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கு வரை பார்க்கிற, அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்க்கிற மருத்துவர் அந்த நோயாளிக்குச் செய்வது, பார்க்காமல் ஸ்கேனுக்கு எழுதித் தருகிறவர் செய்வதைவிட அதிகம். வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரைச் சந்தேகிப்பதை நாம் நிறுத்தினால்தான் அவர்களும் துணிந்து சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் மெலனோமாவுக்குச் சிகிச்சை முடிந்தவர் இருந்தால், அவருடைய நோய் எந்த நிலை, எத்தனை மில்லிமீட்டர் என்று அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை ஸ்கேன் எழுதப்படும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: "இதில் என்ன தெரிந்தால் இவருடைய சிகிச்சை மாறும்?" தெளிவான பதில் வந்தால் தயங்காமல் எடுங்கள். "எதற்கும் பார்த்து வைக்கலாம்" என்ற பதில் வந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் அவருடைய தோலை, உள்ளங்கால், நகங்கள், முதுகு உட்பட முழுவதும் பாருங்கள். புதிதாகக் கருப்பாக எது தெரிந்தாலும், பழைய தழும்பில் முடிச்சு தென்பட்டாலும், நெறி கட்டினாலும், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.